பஞ்சாலை ஊர்களை விட்டுவிட்ட கால்பந்து வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து பிறந்த கதை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1863இல் லண்டனில் கனவான்கள் கூடி விதி வகுத்ததை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அடுத்த பத்தியிலேயே இன்றைய பிரீமியர் லீக்குக்குத் தாவிவிட்டார். இடையில் இங்கிலாந்தின் வடமேற்கில் பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் என்ற மாவட்டமே காணாமல் போனது எனக்குப் பெரிய மனக்குறை.

அங்கே பந்தைக் கொண்டு வந்ததும் வசதியான குடும்பம்தான். ஹாரோ என்ற மேட்டுக்குடிப் பள்ளியில் ஆடிப் பழகி வந்த கே குடும்பத்தார் 1871இல் டர்ட்டன் கிராமத்தில் கிளப் தொடங்கினார்கள். ஆனால் ஆட்டம் சீக்கிரமே பஞ்சாலைக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. ஜவுளி ஆலைகளில் பெண்களும் சிறார்களும் சனிக்கிழமை பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று 1850இலேயே சட்டம் வந்திருந்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் ஓய்வு கிடைத்தது. அந்த அரைநாள் ஓய்வு இல்லையென்றால் போல்டனும் பிளாக்பர்னும் பர்ன்லியும் கிளப் கண்டிருக்குமா?

1879இல் டார்வென் என்ற சின்ன ஆலை ஊரின் அணி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் கால் இறுதி வரை வந்தது. எதிரணி, மேட்டுக்குடியினர் படிக்கும் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். ஆட்டம் லண்டன் ஓவல் மைதானத்தில். முடியக் கால் மணி நேரமே இருந்தபோது டார்வென் 5-1 என்று பின்தங்கியிருந்தது. அந்தக் கால் மணியில் நான்கு கோல் போட்டு 5-5 ஆக்கினார்கள்! கூடுதல் நேரம் ஆட ஈட்டன்காரர்கள் சம்மதிக்கவில்லை. மறு ஆட்டமும் லண்டனில்தான், அது 2-2. மூன்றாவது முறையும் போக வேண்டியதாயிற்று. ஊரார் வசூல் செய்து ரயில் செலவு கொடுத்து அனுப்பினார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் ஆடிக் களைத்தவர்கள் 6-2 என்று தோற்றார்கள். இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நான்கே ஆண்டுகளில் கணக்கு நேரானது. 1883 இறுதி ஆட்டத்தில், அதே ஓவலில், அதே ஈட்டன் பழைய மாணவர் அணியை பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற கிளப் 2-1 என்று வென்றது. அணித் தலைவர் வார்பர்ட்டன் ஒரு பிளம்பர். நெசவாளர்களும் இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளர்களும் அவருடன் ஆடினார்கள். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலைப் போட்ட காஸ்ட்லி நூற்பாலைத் தொழிலாளி. காயத்தால் ஒருவரை இழந்த ஈட்டன் அணி பத்துப் பேருடன் ஆட நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒலிம்பிக் வெறும் அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கவில்லை. உள்ளூர் வார்ப்பாலை முதலாளி ஒருவர் கொடுத்த பணத்தில் வீரர்களைப் பிளாக்பூல் கடற்கரையில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்நாளில் அது புதுமை. கோப்பை வடக்கே போனதும் அதுவே முதல் முறை.

சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுவது இழிவு என்று தெற்கே பேசினார்கள். வாரக் கூலியை விட்டுவிட்டு மைதானத்துக்கு வருபவனுக்கு யார் சோறு போடுவது? லங்காஷயர் கிளப்புகள் விடாமல் நின்றன. 1885இல் கால்பந்துச் சங்கம் இறங்கி வந்து தொழில்முறை ஆட்டத்தை அனுமதித்தது. 1888இல் இங்கிலாந்தின் கால்பந்து லீக் தொடங்கியபோது, இருந்த 12 கிளப்புகளில் ஆறு இந்த ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவை.

பிளாக்பர்னுக்குக் கிடைத்த இடம் அதே ஊரின் ரோவர்ஸ் கிளப்புக்குப் போனது. ஒலிம்பிக்குக்கு இடமில்லை. கூட்டம் குறைந்தது, பணம் வற்றியது, 1889இல் கிளப்பே கலைந்தது. கோப்பை வென்று ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவார் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் ஒலிம்பிக்குக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி அவரிடம் சொல்லுங்கள். காஸ்ட்லியின் பெயர் அதில் கட்டாயம் வர வேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை