ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேஜர் லீக் பேஸ்பால் அணிகளின் பயிற்சி முகாம் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் பேஸ்பாலுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததே பெரிய விஷயம், நன்றி. சீசனுக்கு முன்பே எந்தப் பிட்சருக்கு (பந்து எறிபவருக்கு) என்ன வேலை என்று முடிவு செய்துவிட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். சரிதான். ஆனால் க்ளோசர், அதாவது ஒன்பதாவதான கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்க வருபவர், யார் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டிய கேள்வி என்கிறாரே, அங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை.

முதலில் முடிவாக வேண்டியது, யார் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் எறிபவர், என்பது. பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் முகாம் திறக்கும்போது பிட்சர்களும் கேட்சர்களும் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டரின் கையை மெதுவாகத்தான் ஏற்ற முடியும் என்பது அதற்கு ஒரு காரணம். முதல் ஆட்டத்தில் ஓரிரு இன்னிங்ஸ், சில நாள் ஓய்வு, அடுத்த முறை இன்னும் கொஞ்சம். இப்படியே போய் மார்ச் கடைசியில்தான் 80, 90 பந்துகள் வரும்.

முகாம் ஆட்டங்களை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்ப்பது என் பழக்கம். யார் ஜெயித்தார்கள் என்று எழுதுவதில்லை, பந்துகளைத்தான் எண்ணுவேன். (வீட்டில் இதற்கு நிறையக் கேலி உண்டு.) அன்றைக்கு 45 பந்து எறிய வேண்டிய ஒருவர் மூன்று இன்னிங்ஸை 30 பந்துகளிலேயே முடித்துவிட்டால், அதோடு கிளம்பிவிட மாட்டார். நேரே புல்பென்னுக்கு (பிட்சர்கள் எறிந்து தயாராகும் தனி இடத்துக்கு) போய் மிச்சம் 15 பந்துகளையும் அங்கே எறிவார். எதிரே பேட்டர் இல்லை, ஸ்கோர் அட்டையிலும் ஏறாது. ஆனாலும் அன்றைய கணக்கு முடிந்தாக வேண்டும்.

ஆறு இன்னிங்ஸுக்குத் தயாரான கையை ஒரு இன்னிங்ஸுக்கு இறக்குவது எளிது. ஒரு இன்னிங்ஸுக்குப் பழகிய கையை ஆறுக்கு ஏற்ற வாரக்கணக்கில் ஆகும், சீசன் நடுவில் அதற்கு நேரம் ஏது? அதனால் இழுபறியில் இருக்கும் பிட்சர்களை முகாமில் ஸ்டார்ட்டராகவே தயார் செய்வதுதான் புத்திசாலித்தனம். இடம் இல்லாவிட்டால் ரிலீவராக (ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து ஓரிரு இன்னிங்ஸ் எறிபவராக) புல்பென்னுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

வேகத்தைப் பார்த்து ஸ்டார்ட்டரைத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது புரிவதே இல்லை. ஒரே பேட்டர் ஒரே பிட்சரை ஓர் ஆட்டத்தில் மூன்றாவது தடவை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார் என்பது பல ஆண்டுப் புள்ளிவிவரங்களில் தெளிவாகத் தெரியும் விஷயம். அந்த மூன்றாவது சுற்றில் காட்ட இன்னொரு வகைப் பந்து கையில் இருக்கிறதா? ஃபாஸ்ட்பாலும் (வேகப்பந்து) ஸ்லைடரும் (பக்கவாட்டில் விலகும் பந்து) மட்டும் இருந்தால் ரிலீவராக ராஜா. கூடவே நம்பி எறியக்கூடிய ஒரு சேஞ்ச்அப்பும் (வேகப்பந்து போலத் தோன்றி மெதுவாக வரும் பந்து) இருந்தால்தான் ஸ்டார்ட்டர் கனவு காணலாம். 2018 மே மாதம் டாம்பா பே அணி செர்ஜியோ ரோமோ என்ற ரிலீவரை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கியதும் இந்தக் கணக்கில்தான். அவருக்குப் பின்னால் வருபவர், எதிரணியின் முதல் மூன்று நான்கு பேட்டர்களை மூன்றாம் முறை சந்திக்காமலே தப்பிக்கலாம் அல்லவா.

ரிலீவர் ஸ்டார்ட்டராக மாறவே முடியாதா என்றால், முடியும். கேரட் குரோஷே மேஜர் லீகில் முதன்முதலாக ஸ்டார்ட்டராக இறங்கியதே 2024 சீசனின் தொடக்க நாளில், சிகாகோ ஒயிட் சாக்ஸுக்காக. அதுவரை ரிலீவர் மட்டுமே. ஆனால் அந்தக் கோடையில் கையைக் காப்பாற்ற அவரை நான்கு இன்னிங்ஸோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பாஸ்டனில் 200 இன்னிங்ஸைத் தாண்டினார். கட்டுரையில் இவர் பெயரே இல்லாதது எனக்கு ஏமாற்றம்.

திறமைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றும் இதில் உண்டு. 26 பேர் அணியில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. சிலரை மைனர் லீகுக்கு (கீழ்நிலை லீகுக்கு) அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த 'ஆப்ஷன்' தீர்ந்தவர்களை அனுப்பினால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடக்கூடும். எட்டாவது ரிலீவர் யார் என்பதை நிறைய வருடங்களில் இதுதான் முடிவு செய்கிறது.

இப்போது க்ளோசர். மூன்று ரன்னுக்குள் முன்னிலை, கடைசி இன்னிங்ஸை எறிந்து அதைக் காத்துவிட்டால் 'சேவ்' என்ற கணக்கு ஏறும். 1969-ல்தான் அது அதிகாரபூர்வமானது. பிட்சருக்குப் பெருமை சேர்க்க வந்த அந்தக் கணக்கு, கொஞ்ச நாளில் மேனேஜரின் மூளைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

2016 அக்டோபர் 4, டொராண்டோ. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஒற்றை ஆட்டம். பால்டிமோர் அணியின் சாக் பிரிட்டன் அந்த சீசனில் 47 வாய்ப்புகளில் 47 சேவ், ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 0.54. ஸ்கோர் 2-2. ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஆட்டம் நீள்கிறது, புல்பென்னில் இருந்து ஒவ்வொருவராக வருகிறார்கள், பிரிட்டன் வரவில்லை. வெளியூர் ஆட்டம், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் கடைசியாக பேட் செய்வது டொராண்டோதான், அதனால் முன்னிலை கிடைத்த பிறகு அதைக் காக்க இறக்கலாம் என்று மேனேஜர் பக் ஷோவால்டர் வைத்திருந்தார். பதினோராவது இன்னிங்ஸில் உபால்டோ ஹிமேனஸ் எறிந்த பந்தை எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தார். 5-2. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை. ஆட்டம் கையைவிட்டுப் போகும்போதும் கடைசி ஓவருக்கென்று நல்ல பந்துவீச்சாளரைப் பூட்டி வைக்கும் கிரிக்கெட் கேப்டனை நாம் சும்மா விடுவோமா?

அதே மாதம் கிளீவ்லாந்தில் ரிலீவர் ஆண்ட்ரூ மில்லர் ஐந்தாவது இன்னிங்ஸில்கூட வந்தார். மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா ஒன்பதாவதை க்ளோசர் கோடி ஆலனுக்கு விட்டுவிட்டு, ஆபத்து எப்போது வருகிறதோ அப்போது மில்லரை இறக்கினார். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்குத்தான் கிடைத்தது.

2003-ல் பாஸ்டன் க்ளோசரே இல்லாமல் சீசனைத் தொடங்கி நொந்துபோனதை எனக்கு எதிராகச் சொல்வார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் எழுந்து எறிந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து எறிவது ரிலீவரின் கையைத் தின்றுவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் இன்னிங்ஸ் எண்ணைச் சொல்லித்தான் தயாராக வைக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? "எதிரணியின் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பேட்டர்கள் ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு எப்போது வந்தாலும் நீதான்" என்று மார்ச் மாதமே ஒருவரிடம் சொல்லிவிடலாம். அவருக்கும் முறை நெருங்குவது கண்ணெதிரே தெரியும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சீசன் தொடங்கிய பிறகு அட்டவணை வெளியிட்டால், சேவ் எண்ணிக்கை இருக்கட்டும். பக்கத்திலேயே அந்த ரிலீவர் எந்த இன்னிங்ஸில், என்ன ஸ்கோரில், பேஸில் எத்தனை பேர் நிற்கும்போது வந்தார் என்று ஒரு வரி போடுங்கள். இடம் போதாதென்றால் அணிகளின் சின்னப் படங்களை எடுத்துவிடலாம்.

தங்கள் நீண்ட நாள் வாசகி