பென் டிரைவிலும் எடைக் கழிவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருப்பவன் நான். இலை எடை போடும் இடத்தில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதைப் பார்த்துப் பார்த்து, எதை வாங்கினாலும் சந்தேகம்தான்.

மகளின் கல்யாண வீடியோ 61 ஜிபி இருக்கிறது என்றார் வீடியோக்காரர். 64 ஜிபி பென் டிரைவ் வாங்கிக்கொண்டு போனேன். தாலி கட்டியது வரை ஏறியது, பந்தி ஏறவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால் மொத்தக் கொள்ளளவே 59.6 ஜிபி! நேரே கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "பார்மட்டுக்குப் போயிருக்கும் சார்" என்றார் கடைப் பையன். அதாவது, கோப்புகளைப் பதிய டிரைவைத் தயார் செய்வதற்கே அவ்வளவு இடம் போய்விட்டதாம். சரி, இங்கேயும் ஈரக் கழிவு என்று நினைத்துக்கொண்டேன்.

கோவையில் படிக்கும் என் தம்பி மகன்தான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். கம்ப்யூட்டர் தகவலை அளக்கும் சிறிய அலகு பைட். தயாரிப்பவர் கணக்கில் ஒரு ஜிபி (ஜிகாபைட்) என்பது 100 கோடி பைட். ஆக, 64 ஜிபிக்கு 6,400 கோடி. என் கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் மென்பொருளின் கணக்கில் ஒரு ஜிபி என்பது 1024-ஐ மூன்று முறை பெருக்கி வருவது, அதாவது 107,37,41,824 பைட். வகுத்துப் பாருங்கள், 59.6 வரும். பார்மட்டுக்குப் போவது சொற்பம். கடைக்காரர் எடுத்தது ஒன்றுமில்லை, நான் சத்தம் போட்டதுதான் மிச்சம்.

கம்ப்யூட்டர் மெமரி 2, 4, 8 என்று இரட்டித்துப் போவதால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் அதற்கு வாய்ப்பது 1024. அந்த 24-ஐக் கண்டுகொள்ளாமல் அதையும் 'கிலோ' என்றே அழைத்துவிட்டார்கள். கிலோவில் சிறிதாக இருந்த வித்தியாசம் மெகா, ஜிகா, டெரா என்று மேலே போகப் போகப் பெருகுகிறது. 1 டிபி (டெராபைட், தயாரிப்பவர் கணக்கில் 1000 ஜிபி) டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும்.

என் அப்பா காலத்தில் இலையை ராத்தலில் நிறுத்தார்கள், அப்புறம் கிலோ வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் எடை மேடையில் அடிதடிதான். 1024 கணக்குக்குத் தனியாகக் கிபிபைட், மெபிபைட் என்று 1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பெயர் வைத்துவிட்டதாம். விண்டோஸ் இன்னும் ஜிபி என்றே எழுதுகிறது. ஆப்பிளின் மேக் 2009 முதல் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது. அதில் செருகினால் இதே பென் டிரைவ் 64 ஜிபி பக்கம் காட்டும்.

கடைக்காரர்கள் பார்மட் மேல் பழியைப் போடாமல், 'கம்ப்யூட்டரில் 59 காட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லி விற்கலாம். உங்கள் பத்திரிகையிலும் இந்த இரட்டைக் கணக்கை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது.

பந்திக்காக 128 ஜிபி ஒன்று வாங்கியிருக்கிறேன். 119 காட்டுகிறது. இந்த முறை கடைக்குப் போகவில்லை.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.