தென்னை காய்க்கும் வரை யார் துணை?

ஆசிரியருக்கு,

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. அறக்கட்டளைகள் அரிசி, தார்ப்பாய், போர்வை என்று லாரி லாரியாகக் கொண்டு வந்தன. அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் நிவாரணம் வேறு, மீட்சி வேறு. நெட்டைத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர 6, 7 வருடமாகும். கன்று கொடுத்தார்கள், சரி. அதுவரை தண்ணீருக்கும் எருவுக்கும் வீட்டுச் செலவுக்கும் என்ன வழி? சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே கையில் காசில்லாமல் பலர் அப்படியே போட்டுவைத்தார்கள். மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பிய மரத்தின் குருத்தையும் குடைந்தது.

நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியை அந்தந்த ஆண்டே செலவழித்துத் தீர்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தொடர் திட்டமாக எடுத்தால், மீதத் தொகையைத் தனிக் கணக்கில் வைத்து அடுத்த 3 நிதியாண்டுகளுக்குள் செலவிட இப்போது சட்டமே இடம் தருகிறது. மனம்தான் வேண்டும்.

அடுத்த புயலுக்கு நிதி திரட்டுவோர் பாதியையாவது இரண்டாம் ஆண்டு முதல் செலவிட ஒதுக்கட்டும். ஊடுபயிராக உளுந்தோ வாழையோ போட முதலீடு, குத்தகைக்காரருக்கும் தோப்புக் கூலிகளுக்கும் மாத உதவி, இவற்றுக்கு அது போகட்டும். நிலப் பட்டா இல்லாதவர்கள் பெரும்பாலும் உதவிப் பட்டியலில் விடுபட்டுப் போகிறார்கள். கணக்கைக் கிராமசபையில் வாசித்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

– ஒரு தென்னை விவசாயி, பேராவூரணி