கிழக்கு பூட்டானுக்கும் விருந்தினரை அழையுங்கள்: பூட்டான் சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூட்டான் சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து உங்கள் நாட்டுக்குப் பயணிகளை அனுப்பிவைக்கும் தொழிலில் இருக்கிறேன். வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் இரவுக்கு 200 டாலராக இருந்த வளர்ச்சிக் கட்டணத்தை 2023-இல் நீங்கள் 100 டாலராகக் குறைத்தபோது, அந்தச் சலுகை 2027 ஆகஸ்ட் வரைக்கும் என்று அறிவித்தீர்கள். அதற்குப் பிறகு என்ன என்பதை முடிவுசெய்யும்போது, கட்டணம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், வருகிறவர்கள் நாட்டின் எந்தப் பகுதியில் தங்குகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாட்டின் நிலப்பரப்பில் 60 விழுக்காடாவது என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்து, 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புன்சும் சிகரத்தில் எவரும் கால்வைக்காதபடி மலையேற்றத்துக்குத் தடைவிதித்திருக்கும் நாடு, வருகிறவர்களிடம் அதற்கான பங்கைக் கேட்பது முறைதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் படையெடுக்கும் வண்டிகளைக் கட்டுப்படுத்த 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு இ-பாஸ் கொண்டுவரச் செய்ததைப் பார்த்த எங்களுக்கு உங்கள் முன்யோசனையின் அருமை நன்றாகவே தெரியும்.

ஆனால் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் முறை, அதிக நாள் தங்க நினைப்பவரைத்தான் முதலில் தடுக்கிறது. எங்களிடம் வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய், 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளுக்குப் பாதி. ஆக, பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் ஓர் இரவுக்கு 3,600 ரூபாய் கட்டுகிறார்கள். மேற்கிலுள்ள பாரோ, திம்பு, புனாகா என்று ஐந்து இரவுகளில் முடித்தால் கட்டணம் மட்டும் 18,000 ரூபாய். திம்புவிலிருந்து கிழக்கிலுள்ள டிராஷிகாங் போய்ச் சேரவே குறைந்தது இரண்டு நாள் மலைப்பாதை என்பதால், கிழக்கையும் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் ஐந்து இரவுகள், இன்னும் ஒரு 18,000 ரூபாய். விடுதி, வண்டிச் செலவெல்லாம் தனி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பாரோவில் பாறைச் சரிவில் நிற்கும் தக்சாங் மடத்தைப் பார்த்தால் போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அவர்கள் இழப்பது சிறிதன்று. கிழக்கே லுவென்சே மாவட்டத்தின் கோமா கிராமத்தில், பெண்கள் இடுப்பில் வார் கட்டித் தறியை இழுத்துப் பிடித்தபடி தரையில் அமர்ந்து நெய்யும் கிஷுதாரா பட்டில் நல்ல துணி ஒன்று முடிய மாதக்கணக்காகும்; பூத்தையல் என்று நாம் நினைக்கும் பூக்கள் எல்லாம் தறியிலேயே விரலால் கோத்து எடுக்கப்பட்டவை. கிழக்குக் கோடியிலுள்ள சக்தெங்கில் யாக் மேய்க்கும் புரோக்பா மக்கள் அணியும் தொப்பியில் ஐந்து திரிகள் தொங்குகின்றன; மழைநீர் முகத்தில் வழியாமல் அவற்றின் நுனி வழியே சொட்டிவிடும். காஞ்சிபுரத்தையும் ஆரணியையும் அறிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோமாவின் தறியை விடப் பெரிய அழைப்பு வேண்டியதில்லை. உங்கள் விளம்பரங்களில் அதற்கு எத்தனை இடம் கொடுத்திருக்கிறீர்கள்?

2023 ஜூனில், நான்கு இரவுகளுக்குக் கட்டினால் மேலும் நான்கு இரவுகள் இலவசம் என்று ஒரு சலுகை கொண்டுவந்தீர்கள். அது டாலரில் கட்டுபவர்களுக்கு மட்டுமே இருந்தது. கட்டணம் பாதியானதும் போய்விட்டது. அந்த யோசனையைத் திருத்தி மீட்டெடுக்க வேண்டுகிறேன். நாட்டின் நடுவிலுள்ள டிரோங்சாவுக்குக் கிழக்கே தங்கும் இரவுகளுக்கு, ரூபாயில் கட்டுபவர் உட்பட எல்லோருக்கும், கட்டணத்தை நீக்குங்கள், அல்லது பாதியாக்குங்கள். மேற்கிலேயே எட்டு இரவும் கழிப்பவருக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

வழியும் இப்போது திறந்திருக்கிறது. தென்கிழக்கு எல்லை நகரமான சம்த்ருப் ஜோங்காருக்கு எதிரே, அசாமின் தரங்காவில் 2024 நவம்பரில் குடிவரவுச் சோதனைச் சாவடி அமைந்த பிறகு, மற்ற நாட்டவரும் குவாஹாட்டி வழியாகக் கிழக்கில் நுழைந்து பாரோவிலிருந்து விமானம் ஏறலாம். வந்த பாதையிலேயே திரும்ப வேண்டிய அலைச்சல் இல்லை. சென்னையிலிருந்து வருபவருக்கும் இதுவே நல்ல வழி. இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், ஆதார் செல்லாது என்பதையும் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் எல்லோரும் அறியும்படி விளம்பரப்படுத்துங்கள்.

மழைக்காலத்தில் அந்தச் சாலைகளில் மண் சரியும் என்பதால் மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கும் மட்டும் இச்சலுகையை முதலில் நடைமுறைப்படுத்தலாம். கிராம வீடுகளில் தங்க ஏற்பாடு செய்பவர்களுக்குக் கழிப்பறைக்கும் வெந்நீருக்கும் கட்டண வருவாயிலிருந்தே உதவித்தொகை கொடுங்கள்.

எந்த முடிவாக இருந்தாலும், குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். எங்கள் ஊரில் பள்ளி விடுமுறைப் பயணத்துக்கு மக்கள் அவ்வளவு முன்னதாகவே முன்பணம் கட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு பயண ஏற்பாட்டாளர்