மொட்டை மாடியில் விநாடி எண்ணுகிறேன்

மாப்ளே,

ஊருக்கு வந்து ஒன்பது நாளாச்சு, இன்றைக்குத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். தாராபுரத்து ஆடிக் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி மாடியில் படுத்தால் சுற்றிலும் காற்றாலை உச்சியில் சிவப்பு விளக்குகள் மினுங்குகின்றன, நான் என்னையறியாமல் விநாடி எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். "என்ன சாமி, மந்திரமா சொல்ற?" என்று அம்மா கேட்டார்கள். மிதவையும் கலங்கரை விளக்கமும் பராமரிக்கிற கப்பலில் வேலை பார்ப்பவனுக்குத் தொழில் பழக்கம், வேறென்ன. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு மினுக்குக் கணக்கு உண்டு, அதை எண்ணித்தான் எந்தக் கரை என்று கண்டுபிடிப்போம். இங்கே எல்லாம் ஒரே மாதிரி மினுங்குகிறது. இதை நம்பிக் கப்பல் ஓட்டினால் மூலனூர் போக வேண்டியவன் உடுமலையில் தரை தட்டுவான்!

விளக்குக் கப்பலில் லைட்டைப் போட்டு அணைப்பதுதான் வேலையா என்று கேட்டிருந்தாய். விளக்கு தானாக எரியும்டா, சோலாரும் பேட்டரியும் பார்த்துக்கொள்ளும். எங்கள் பாடெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதோடுதான். கப்பலுக்கு வழி காட்ட விளக்கோடு கடலில் நிற்கிற மிதவையை நாங்கள் இங்கிலீஷில் 'பாய்' என்போம் (ஊரில் சொன்னால் கோரைப்பாயா என்கிறார்கள்). அதைக் கிரேனால் தூக்கி டெக்கில் வைத்தால் அடிப்பக்கம் முழுக்கச் சிப்பியும் பாசியும் அப்பியிருக்கும், சுரண்டச் சுரண்டச் சின்ன நண்டுகள் உதிர்ந்து காலுக்கடியில் ஓடும். வெயில் ஏறினால் வருகிற நாற்றத்துக்கு நம்மூர்ச் சாயப்பட்டறை ஓடையே தேவலாம்.

அப்புறம் மிதவையைக் கடல் தரையோடு பிணைக்கிற சங்கிலி. கடல் ஆழத்தைவிட நீளமாகவே விடுவோம், அலைக்கு மிதவை ஏறி இறங்க வேண்டுமே. அதனால் ஒரு பகுதி எப்போதும் தரையில் உரசிக்கொண்டே இருக்கும், தேய்வதும் அங்கேதான். ஒவ்வொரு கண்ணியாக அளந்து பார்த்து, மெலிந்ததை வெட்டி மாற்ற வேண்டும். உங்கள் தாத்தா மாடு கட்டிக் கிணற்றில் கவலை ஓட்டும்போது தினமும் வடக்கயிற்றில் உருளை படும் இடத்தைத் தடவிப் பார்ப்பாரே, அதே வேலை. கடைசியில் சங்கிலியின் அடிமுனையில் நங்கூரம் மாதிரி மாட்டிய டன் கணக்கான கான்கிரீட் கட்டையைக் கப்பல் ஓரத்தில் தொங்கவிட்டு, சரியான இடம் வந்ததும் செராங் (டெக் ஆட்களுக்குத் தலைவர்) கொக்கியைத் தட்டிவிடுவார். துருப்புழுதி பறக்கச் சங்கிலி ஓடுகிற சத்தம் இருக்கிறதே, சங்கிலி வளையத்துக்குள் கால் வைத்தவன் கதை அதோடு சரி. முதல் வருஷம் நான் வைத்திருந்தேன். செராங் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தானெல்லாம் போச்சு, அன்றைக்குத் திட்டிய திட்டை அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று உன் மச்சான் கேட்டதாக எழுதியிருந்தாய். சிக்னல் கெட்டாலும் திரை தப்பான இடத்தைக் கூசாமல் காட்டும். துறைமுகத்துக்குள் நுழையும்போது இடப்பக்கம் சிவப்பு மிதவையும் வலப்பக்கம் பச்சை மிதவையும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கேப்டனுக்கு மூச்சே வரும். ஆனால் நிலமே நகர்ந்தால் நாங்கள் என்ன செய்வது? கிரேட் நிக்கோபார் தீவில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம், 2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் இறங்கியதில் தண்ணீருக்குள் நிற்கிறது. முதல் முறை பார்த்த அன்று டெக்கில் யாரும் பேசவில்லை.

கப்பலில் நல்ல தண்ணீர் அளவுதான், சுற்றிலும் தண்ணீர் கிடந்தும் குளிக்க ஒரு வாளி. அதனால் வந்ததிலிருந்து பம்புசெட்டே கதி என்று கிடக்கிறேன், இருக்கிற தண்ணீர் தென்னைக்கா உனக்கா என்று அப்பா முறைக்கிறார். லீவு இன்னும் பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை வா, அம்மா அரிசிம்பருப்புச் சோறு ஆக்குகிறேன் என்றிருக்கிறார்கள், நெய் மட்டும் உங்கள் வீட்டிலிருந்து எடுத்து வா.

உன் மாப்ளே