கொத்து வாங்கும் கோழியை முதலில் கையில் எடுத்துப் பார்

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ சொன்னதிலிருந்து அந்தப் புள்ளிக்கோழி நினைப்பாகவே இருக்கிறது. செவலைக் கோழி அதைத் தீனிப் பக்கமே விடுவதில்லை, கொண்டையில் கொத்தி ரத்தம் வந்துவிட்டது என்றாய். செவலையை அடித்துக் குழம்பு வைக்கச் சொல்கிறார்களாமே, அவசரப்படாதே கண்ணு.

எது முதலில் தின்பது, எது உயரத்தில் அடைவது என்று கோழிகளுக்குள் எப்போதும் ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1921இல் இதை ஆராய்ச்சியாகவே எழுதினார் என்று உங்கப்பா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார். வரிசைக்காக ஒரு கொத்து, ஒரு விரட்டு, அத்தோடு விட்டால் கவலையில்லை. ஆனால் இத்தனை நாள் ஒழுங்காக மேய்ந்த கோழியைத் திடீரென்று மற்றவை விரட்டினால், அதற்குச் சீக்கு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். நம் கண்ணில் படுவதற்கு முன்பே கூடப் பழகும் கோழிகளுக்கு அது தெரிந்துவிடும்.

இருட்டியதும் அடைந்திருக்கும்போது மெதுவாகத் தூக்கு. நெஞ்செலும்பைத் தடவிப் பார்; கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் பல நாளாகவே இளைத்து வருகிறது. இறக்கைக்கு அடியிலும் பின்பக்கத்திலும் இறகைப் பிரித்துப் பேன், செல் என்கிற பொடிப்பூச்சி இருக்கிறதா பார். காலையில் தீனி போடுவதற்கு முன் கழுத்தடித் தீனிப்பையைத் தொட்டுப் பார். வெறுமையாக இருக்க வேண்டும். கல்லாட்டம் இருந்தால் அடைப்பு. எச்சத்தில் வெள்ளை படிந்திருப்பது இயல்புதான். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ கழுத்து திருகினாலோ வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அது வைரஸ், வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. உடனே தனியாக, மற்ற கோழிகள் பக்கத்திலேயே வராத இடத்தில் வை. தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்கட்டும். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, கடைசியாக இதனிடம் போ. சோப்புப் போட்டுக் கை கழுவு. ஒன்றிரண்டு திடீரென்று செத்தால் கையால் தொடாதே, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடு.

வெறும் காயம் என்றால் இவ்வளவு தூரம் பிரிக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசு. சிவப்பைக் கண்டால்தான் மற்றவை திரும்பத் திரும்பக் கொத்தும். இது சிவப்பை மறைக்கும், கசக்கவும் செய்யும், ஈயும் அண்டாது. கொடாப்புக் கூடையில் கவிழ்த்து அதே வாசலில், மற்றவை பார்க்கும்படி வை. கண்ணில் படாமல் இருந்துவிட்டு வந்தால் புதுக்கோழி என்று நினைத்து மறுபடி அடிக்கும்.

உடம்பில் ஒன்றுமில்லை, செவலைதான் விடாமல் துரத்துகிறது என்றால், பிரிக்க வேண்டியது செவலையை. ஒரு வாரம் கண்ணில் படாத இடத்தில் வை. திரும்பி வரும்போது வரிசையில் அதன் இடம் போயிருக்கும், அடங்கிவிடும். பாவம், அதுவும் இடநெருக்கடியில்தான் அப்படிச் செய்கிறது. தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் வை. அடி வாங்குவது ஓடி மறைய ஒரு பலகையைச் சாய்த்து வை. அரிசியும் சோளமும் மட்டும் போட்டால் சத்துக் குறைந்து ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கும். நம் ஊரில் பானையில் கரையான் பிடித்துப் போடுவோமே, அதை அங்கேயும் செய்யலாம். கீரைக்கட்டைத் தலைக்கு மேலே எட்டும்படி தொங்கவிடு, கொத்துவதற்கு வேலை கிடைக்கும்.

சந்தையில் வாங்கிய இரண்டு வெடைக்கோழிகளை, அந்த இளங்கோழிகளை, அன்றே உள்ளே விட்டாய் என்றாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இனி எது வாங்கினாலும் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு, இருட்டில் மற்றவை அடைந்திருக்கும்போது பக்கத்தில் ஏற்றிவிடு. கோழிக்கழிச்சல் என்பதும் அந்த வெள்ளைக்கழிச்சல்தான்; பிப்ரவரியில் அரசு அதற்குத் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள், தவற விடாதே. நல்லாயிருக்கும் கோழிக்குத்தான் ஊசி, சீக்குக் கோழிக்குப் போடக் கூடாது.

திங்கட்கிழமை புள்ளியை ஓசூர் மருந்தகத்துக்குக் கொண்டு போ. எச்சத்தைக் கொஞ்சம் கவரில் எடுத்துக்கொள். மருந்து தந்தால், எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள். அதுவரை பாப்பாவுக்கு அந்த முட்டையைக் கொடுக்காதே. டாக்டர் என்ன சொன்னார் என்று சாயங்காலம் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா