டோரா-சானையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய சினிமா பற்றி உங்கள் இதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். குரோசாவா, ஓசு, மிசோகுச்சி என மூன்று இயக்குநர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். பெரிய கலைஞர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானியர்கள் குடும்பத்தோடு போய் வயிறு குலுங்கச் சிரித்த படங்களைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லையே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

சமீபத்தில் டோக்கியோவில் எங்கள் வட்டாரத்துச் சின்னத் தியேட்டர் ஒன்றில் டோரா-சான் என்ற நகைச்சுவைப் பட வரிசையின் முதல் படத்தைத் திரையிட்டார்கள். 1969இல் யோஜி யமாதா இயக்கியது. திருவிழாக்களில் கடை போட்டுப் பிழைக்கும் டோரா, 20 வருடம் கழித்து டோக்கியோவின் ஷிபாமாதாவில் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறான். வந்த வேகத்தில் தங்கை சகுராவுக்கு வந்த நல்ல சம்பந்தத்தைக் குடித்து உளறிக் கெடுக்கிறான். பின்பக்கத்து அச்சகத்தில் வேலை செய்யும் ஹிரோஷிக்கு சகுரா மேல் ஆசை. அதற்கும் டோராவே தூது போய், உனக்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிடுகிறான்! மனசு விட்டுப்போன ஹிரோஷி சகுராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஊரை விட்டே கிளம்ப, அவள் ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். கல்யாணத்துக்கு, பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத ஹிரோஷியின் அப்பா வந்து நிற்கிறார். அவர் எழுந்து தயங்கித் தயங்கிப் பேசும்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர்களுக்கு வசனமெல்லாம் மனப்பாடம் போல. நகைச்சுவை வருவதற்கு முன்பே சிரித்தார்கள். இதை வீட்டில் தனியாகப் பார்த்தால் பாதிப் படம்தான்.

அந்த அப்பா யார் தெரியுமா? குரோசாவா படங்களில் நாம் பார்த்த தகாஷி ஷிமுரா. கோயில் குருவாக வருபவர் ஓசு படங்களில் நடித்த சிஷூ ரியு. டோரா மனசைப் பறிகொடுப்பது அந்தக் குருவின் மகளிடம். அவளுக்கோ வேறு இடத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகிவிடுகிறது.

முதலில் இது தொலைக்காட்சித் தொடராக வந்தது. கடைசிப் பகுதியில் டோராவைப் பாம்பு கடித்துக் கொன்றுவிட்டார்கள். பார்த்தவர்கள் கொதித்துப்போனதில்தான் சினிமா பிறந்தது. அப்புறம் 1995 வரை 48 படங்கள், எல்லாவற்றிலும் கியோஷி அட்சுமியே டோரா. நமக்குத் தீபாவளி ரிலீஸ் எப்படியோ, பல வருடங்கள் அவர்களுக்குப் புத்தாண்டும், முன்னோர்களை நினைக்கும் ஓபோன் பண்டிகையும் அப்படி. எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒரே கதைதானே என்று சில சினிமா ரசிகர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. டோரா தோற்பான் என்று தெரிந்தேதான் ஜனங்கள் வந்தார்கள். இந்தத் தடவையாவது ஜெயிக்க மாட்டானா என்று ஏங்கினார்கள்.

சென்னையில் அடுத்து ஜப்பானியப் படவிழா நடக்கும்போது இந்த முதல் படத்தைக் கேட்டு வாங்கி, முடிந்தால் தமிழ் சப்டைட்டிலோடு போட வேண்டும். அதற்கு முன் உங்கள் இதழில் இரண்டு பக்கமாவது டோராவுக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நிஷி-கசாய், டோக்கியோ